யூனிகார்ன்ஸ்: நாலு வருஷம், ஒரு பெரிய ஆல்பம், அப்புறம் ஒன்றுமில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம்?

#1 கேசட்காலம்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது மொன்ட்ரியல் இண்டி ராக் குழுவான தி யூனிகார்ன்ஸின் ஆல்பம் கிடைத்தது. 2003ல் வந்தது. தலைப்பு 'ஹூ வில் கட் அவர் ஹேர் வென் வி ஆர் கான்?'. நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு முடி வெட்டிவிடுவது யார் என்று கேட்கிறார்கள். செத்த பிறகும் முடியும் நகமும் வளரும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அங்கேயும் அப்படி ஒரு பாட்டி இருந்திருக்கிறார் போல.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நிக் தோர்பர்ன், ஆல்டன் பென்னர் இரண்டு பேரும் கனடாவின் மேற்குக் கோடியில் வான்கூவர் தீவில் இருக்கும் கேம்பல் ரிவர் என்ற சிற்றூர்க்காரர்கள். சால்மன் மீனுக்குப் பேர்போன ஊர். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். 2000ம் வருஷக் கடைசியில் குழு தொடங்கியது. டிரம்ஸுக்கு ஜேமி தாம்சன் வந்து சேர்ந்தார். பெயர் எடுத்தது நாட்டின் இன்னொரு பக்கத்தில், மொன்ட்ரியலில். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக் கச்சேரியோடு கதை முடிந்தது. ஆல்பம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்த ஆல்பத்தில் பதின்மூன்று பாட்டு. முதல் பாட்டின் பெயர் 'ஐ டோன்ட் வானா டை', அதாவது சாக மனசில்லை. கடைசிப் பாட்டு 'ரெடி டு டை', சாகத் தயார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பாட்டுத் தலைப்புகளில் வரிசையாகப் பேய். இன்னும் இரண்டு பாட்டின் பெயரில் எலும்பு. தங்கள் கருமாதிக்குத் தாங்களே பத்திரிகை அடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள் மாதிரி இருக்கிறது. அதனால்தான் இவர்கள் சீக்கிரம் பிரிந்தது எனக்கு இழப்பாகத் தெரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டார்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

#2 மூன்றாம்சுருதி

செத்த மாடு படி பால் கறந்தது என்பார்களே, அந்தக் கதை. இரண்டாவது ஆல்பம் வந்து அது சுமாராக இருந்திருந்தால் இன்று இந்த இழையே கிடையாது. சீக்கிரம் பிரிந்த குழு எதுவாக இருந்தாலும் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் சொதப்புவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

ஆல்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான கீபோர்டு, சுருதி விலகிய குரல், ஒரு பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் வேறு பாட்டுக்குத் தாவிவிடுவது. புதுமை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதியில் விட்டதை எல்லாம் பாணி என்று சொல்லிவிட முடியுமா?

#3 புதுக்காது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இண்டி ராக் என்றால் என்ன? ராக் என்றால் சத்தமாக கிட்டார் வாசிப்பார்கள் என்ற அளவில்தான் தெரியும்.

#4 கேசட்காலம்

@புதுக்காது பெரிய கம்பெனி பணம் போடாமல் சின்ன லேபிள்களில் பதிவு செய்யும் குழுக்களுக்கு வந்த பெயர். பிறகு அதுவே ஒரு ஒலிக்கும் தோரணைக்கும் பெயராகிவிட்டது. யூனிகார்ன்ஸ் ஆல்பத்தை வெளியிட்டது ஏலியன்8 என்ற மொன்ட்ரியல் லேபிள். அவர்கள் வழக்கமாக வெளியிடுவது மெர்ஸ்பாவ் மாதிரி ஆட்களை. ஜப்பான்காரர், அவர் இசையை முதல் முறை கேட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். அப்படிப்பட்ட கடையில் திடீரென்று முணுமுணுக்கிற மாதிரி ஒரு பாப் ஆல்பம்.

@மூன்றாம்சுருதி பல்லவி திரும்ப வராதது சோம்பேறித்தனம் இல்லை. 'சீ கோஸ்ட்' கேளுங்கள். குழல் மாதிரி ஒன்று பீப்பீ என்று தொடங்குகிறது, அப்புறம் கிட்டார் வந்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பீப்பீதான் வீட்டில் என் பையனுக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு யோசனைக்கும் தேவையான நேரத்தை மட்டும் கொடுக்கிறார்கள். அடுத்தவன் ஐந்து நிமிடம் இழுப்பதை இவர்கள் நாற்பது நொடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

#5 மொன்றியல்பனி

நான் இருக்கிறது மொன்றியலில்தான், 1998இல் வந்தேன். அந்தக் காலத்து ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும் என்று நினைக்கிறேன்.

1995 ஒக்டோபரில், மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணம் கனடாவில் இருந்து பிரிந்து போகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்ற பக்கம் 50.58 சதவீதம், வேண்டும் என்ற பக்கம் 49.42. மயிரிழை. பிரிவினைப் பேச்சு சூடாக இருந்த அந்த வருடங்களில் ஆங்கிலம் பேசுகிற ஆட்களும் கொம்பனிகளும் ரொறன்ரோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீடுகள் காலியாகக் கிடந்தன, வாடகை மலிவு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டு வாடகையை இப்போது பிள்ளைகளிடம் சொன்னால் பொய் என்கிறார்கள். இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தம் யூன் 30 முடியும், யூலை 1 முழு ஊருமே வீடு மாறும். தெருவோரத்தில் சோபா, மெத்தை, சில நேரம் ஒரு பழைய ஓர்கன் கூடக் கிடக்கும். இந்த ஆல்பத்தில் வருகிற கீபோர்டுகள் எல்லாம் அப்படித் தெருவில் பொறுக்கினது போல இருக்கிறது என்று நான் மனிசியிடம் பகிடியாகச் சொல்வது உண்டு.

கிழமையில் மூன்று நாள் வேலை செய்தால் மிச்ச நாள் கிட்டார் வாசிக்கலாம் என்ற நிலைமை. அதுதான் முதல் காரணம். 1997இல் கொன்ஸ்டலேஷன் லேபிள், 2000இல் செயின்ற் லோரன்ற் வீதியில் காசா டெல் பொப்போலோ என்ற கபேயும் கச்சேரி மண்டபமும், 2002இல் பொப் மொன்றியல் விழா. இதெல்லாம் அரசாங்கம் போட்ட திட்டம் அல்ல, வாடகை மலிவாக இருந்ததால் தன்பாட்டில் முளைத்தது.

இன்னொன்று. இது பிரெஞ்சு ஊர். பிரெஞ்சுப் பாட்டுக்குத் தனியாக நட்சத்திரங்கள், தொலைக்காட்சி எல்லாம் இருக்கிறது. ஆங்கில ரொக் குழுவைத் தேடிக்கொண்டு ஒருவரும் இங்கே வருவதில்லை, பெரிய கொம்பனிக்காரர் எல்லாம் ரொறன்ரோவில். யாரும் பார்க்காத இடத்தில் ஆள் கூச்சமில்லாமல் ஆடுவான் அல்லவா?

#6 வேன்சீட்

நல்ல பதிவு மொன்றியல்பனி அண்ணே. வாடகை விஷயம் புரிந்தது. ஆனால் கேள்வி ஏன் தொடங்கினார்கள் என்பதில்லையே, ஏன் முடிந்தது என்பதுதானே. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: வண்டி.

நான் தொண்ணூறுகளில் ஈரோடு பக்கம் ஒரு லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். பங்குனி, சித்திரையில் கோயில் கச்சேரி தொடர்ந்து வரும். பத்து நாள் ஒரே வேனில் போனால் பதினோராவது நாள் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. எங்கள் குழு உடைந்தது சம்பளத்துக்காக இல்லை. ஒருத்தர் தினமும் ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா வேண்டும் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பீர்கள்.

இவர்கள் மூன்று பேர். மூன்று என்பது மோசமான எண்ணிக்கை. இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் மூன்றாவது ஆள் பஞ்சாயத்துக்காரன் ஆகிவிடுகிறான். அதிலும் பாட்டு எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஆல்பம் வந்த பிறகு ஒரு வருஷம் முழுக்க அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றல். மேடையிலேயே சண்டை போடுவார்கள் என்பது அவர்களுக்கு ஒரு விளம்பரமாகவே ஆகியிருந்தது. ஜனம் அதை நாடகம் என்று ரசித்தது. நான் நம்பவில்லை. எங்கள் பாடகர் மைக்கை மூடிக்கொண்டு என்னைத் திட்டியபோதும் ஜனம் கை தட்டியது.

#7 கேசட்காலம்

@வேன்சீட் சண்டை மேடையில் மட்டும் இல்லை, ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதாவது பாட்டு 'ஐ வாஸ் பார்ன்', அடைப்புக்குள் ஒரு யூனிகார்ன் என்று இருக்கும். நோவாவின் பேழையில் இடம் கிடைக்காமல் போன யூனிகார்னின் புலம்பல். நடுவில் இரண்டு குரலும் பாட்டு எழுதுவது யார் என்று மாறி மாறி வாதாடும். ஒருத்தர் நான்தான் எழுதுகிறேன் என்கிறார், மற்றவர் நீ எழுதுவது தப்பு என்கிறார். முதல் முறை கேட்டபோது எதிர்ப்பாட்டு மாதிரி ஜாலியாக எடுத்துக்கொண்டேன். பிரிந்த செய்தி தெரிந்த பிறகு கேட்டால் அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

எட்டாவது பாட்டு புகழ் பெறுவோம் வா என்பது. ஒன்பதாவது யார் எழுதியது என்ற சண்டை. வரிசையைப் பாருங்கள்.

#8 மூன்றாம்சுருதி

சரி, இது நல்ல இடம். ஆனால் கவனியுங்கள், கேசட்காலம் தன் வாதத்தைத் தானே உடைக்கிறார். முதல் பதிவில் சொல்லி முடித்துவிட்டுப் போனார்கள் என்றார். இப்போது சண்டையில் பிரிந்தார்கள் என்கிறார். இரண்டில் எது? சண்டை போட்டுப் பாதியில் எழுந்து போனவர்களை விருந்து முடித்துக் கை கழுவியவர்கள் என்று சொல்லக்கூடாது.

ஒரு சின்ன சந்தேகமும். ஒரே ஆல்பம்தானா?

#9 கேசட்காலம்

அதற்கு முன்னால் 2003லேயே தாங்களாக சிடியில் எழுதி விற்ற ஒன்று உண்டு, 'யூனிகார்ன்ஸ் ஆர் பீப்பிள் டூ'. அதிலிருந்த சில பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்துதான் பெரிய ஆல்பத்தில் போட்டார்கள். 2004ல் ஒரு சின்னத் தட்டு. அதற்குப் பிறகு வருகிறேன், அது தனிக் கதை.

மற்றபடி நீங்கள் பிடித்தது சரிதான். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

#10 புதுக்காது

கனடாவில் வானொலியில் இத்தனை சதவீதம் உள்ளூர்ப் பாட்டு போட வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் இந்தக் குழுக்களுக்குப் பிழைப்பு சுலபம்தானே?

#11 மொன்றியல்பனி

தம்பி, சட்டம் உண்மைதான். 1971இல் 30 சதவீதம் என்று தொடங்கினார்கள், பிறகு 35 ஆக்கினார்கள். ஒரு பாட்டு கனடியப் பாட்டா என்று பார்க்க நாலு கேள்வி: இசை யாருடையது, பாடினது யார், எங்கே பதிவானது அல்லது பாடப்பட்டது, வரிகள் யாருடையது. நாலில் இரண்டு கனடா என்றால் போதும். ஆனால் வணிக வானொலிக்காரர் அந்த 35ஐ ஏற்கெனவே பெயர் எடுத்த ஆட்களை வைத்தே நிரப்பிவிடலாம். பேயும் எலும்பும் பாடுகிறவர்களுக்கு இடம் கொடுத்தது வளாக வானொலிகள்தான். இங்கே மக்கில் பல்கலைக்கழகத்தோடு ஒட்டினது சி.கே.யு.ரி, 90.3. இரவு வேலையில் லொறியில் அதைத்தான் போட்டுக்கொண்டு ஓடுவேன். தமிழ் நிகழ்ச்சிக்குப் பழகின காதுக்கு ஆரம்பத்தில் தலையிடி. பிறகு பழகிவிட்டது.

வேன்சீட் சொன்ன வண்டிக் கதைக்கும் ஒரு துணை. கனடாவில் ஊருக்கு ஊர் தூரம். தண்டர் பேயில் இருந்து வின்னிபெக் போக 700 கிலோமீட்டர், நடுவில் கச்சேரி வைக்க ஒழுங்கான ஊர் இல்லை, மரம்தான். மொன்றியலில் இருந்து நியூயோர்க் 600தான், வழியெல்லாம் ஊர். அதனால் கொஞ்சம் பெயர் வந்த உடனே எல்லாரும் தெற்கே இறங்கிவிடுவார்கள்.

கூடவே ஒன்று. மேடைக்கு ஆளுக்கொரு புனைபெயர் வைத்திருந்தார்கள். நிக் டயமண்ட்ஸ், ஆல்டன் ஜிஞ்சர். ஜேமி தாம்சன் என்ற பெயரைப் பிரெஞ்சு மாதிரித் திருகி 'ழெம் தம்பூர்' என்று வைத்துக்கொண்டார். ழெம் என்றால் எனக்குப் பிடிக்கும், தம்பூர் என்றால் டிரம். எழுத்தை வேண்டுமென்றே பிழையாக எழுதுவார். இந்த ஊர்ப் பகிடி, வெளியே விளங்காது.

#12 வேன்சீட்

அண்ணே அந்த டிரம்மர் பெயர் அருமை. டிரம்மர்கள்தான் எப்போதும் நல்ல ஆட்கள்.

#13 கேசட்காலம்

@மூன்றாம்சுருதி யோசித்தேன். நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அவர்கள் முடித்துக்கொள்ளவில்லை, முடிந்துபோனது. ஆனால் எந்தப் பொருத்தமின்மை அவர்களைப் பிரித்ததோ அதேதான் அந்த ஆல்பத்தைச் செய்தது. ஒருவர் பல்லவியைப் பிடித்துக்கொண்டு நிற்க நினைக்கிறார், மற்றவர் அதைத் தட்டிவிட்டு வேறு பக்கம் போகிறார். ஒத்துப்போகிறவர்களாக இருந்திருந்தால் ஒழுங்கான பாட்டுகள் வந்திருக்கும். ஒழுங்கான பாட்டுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

பிறகு நடந்ததைப் பார்த்தால் இது தெரியும். தோர்பர்னும் தாம்சனும் முதலில் த கார்ன் கேங் என்று ராப் பாடகர்களோடு ஒரு முயற்சி செய்தார்கள், அதன் பிறகு ஐலண்ட்ஸ் என்ற குழு. 2006ல் முதல் ஆல்பம் 'ரிட்டர்ன் டு த சீ'. அழகான ஆல்பம், வயலின் எல்லாம் இருக்கிறது, பாட்டுகள் நின்று நிதானமாகப் போகின்றன. அது வந்த கொஞ்ச நாளில் தாம்சன் விலகினார், 2009ல் 'வேப்பர்ஸ்' ஆல்பத்துக்குத் திரும்ப வந்தார். பென்னர் க்ளூஸ் என்ற குழு வைத்து 2009ல் கான்ஸ்டலேஷன் லேபிளில் ஒரு ஆல்பம் போட்டார். இருட்டான, கெட்டியான இசை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யூனிகார்ன்ஸில் யாரிடமிருந்து என்ன வந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஆனால் தனித்தனியாக இருவரிடமும் அந்தத் தள்ளுமுள்ளு இல்லை.

#14 மூன்றாம்சுருதி

இதை ஏற்றுக்கொள்கிறேன். க்ளூஸ் ஆல்பம் எனக்கு யூனிகார்ன்ஸைவிடப் பிடிக்கும் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஆனால் இந்தக் கதையில் அதே ஊர்க் குழுவான ஆர்கேட் ஃபயர் ஏன் இன்னும் வரவில்லை? எல்லாரும் மரியாதைக்காகத் தவிர்க்கிறீர்களா?

#15 மொன்றியல்பனி

வராமல் எப்படி? 2004இல் யூனிகோர்ன்ஸ் அமெரிக்காவில் சுற்றினபோது அவர்களுக்கு முன்னால் வாசித்த குழுதான் ஆர்கேட் ஃபயர். அப்போது அவர்களின் முதல் முழு அல்பம் வெளியாகவில்லை. செப்டெம்பரில் 'ஃபியூனரல்' வந்தது. டிசம்பரில் யூனிகோர்ன்ஸ் கலைந்தது. 2005 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸும் ஸ்பின் சஞ்சிகையும் மொன்றியல்தான் இப்போது இசையின் ஊர் என்று எழுதினார்கள். நிருபர்மார் வந்து இறங்கின நேரம் இவர்கள் பந்தலைப் பிரித்து வாழைமரத்தையும் வெட்டிப்போட்டாயிற்று. இரண்டே மாதம் பிந்தி வந்தார்கள்.

2011இல் ஆர்கேட் ஃபயர் 'த சபர்ப்ஸ்'க்கு வருடத்தின் சிறந்த அல்பத்துக்கான கிராமி வாங்கினார்கள். அந்த வருடங்களிலேயே வாடகையும் ஏறத் தொடங்கிவிட்டது. பேப்பரில் ஊர் நல்ல ஊர் என்று வந்தால் வீட்டுக்காரரும் அதைப் படிப்பார்.

#16 வேன்சீட்

அப்படியானால் சுருதி கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்திருந்தால் இவர்களும் அந்த அலையில் ஏறியிருப்பார்களா?

என் கணிப்பு, இல்லை. ஆர்கேட் ஃபயரில் ஆள் அதிகம், அப்போது நடுவில் புருஷன் பெண்டாட்டி. கோபித்துக்கொண்டு ஒதுங்கி உட்கார இன்னொரு மூலை இருக்கும். மூன்று பேர் குழுவில் அந்த மூலை கிடையாது. எங்கள் குழுவில் பதினான்கு பேர், அப்படியும் பரோட்டாவில் உடைந்தோம்.

#17 கேசட்காலம்

இப்போது அந்தச் சின்னத் தட்டின் கதை. 2004ல் அவர்கள் ஏழு அங்குலத் தட்டு ஒன்று வெளியிட்டார்கள். பாட்டின் பெயர் '2014'. அன்றைக்குப் பத்து வருஷம் தள்ளி இருந்த ஒரு வருஷம், அவ்வளவுதான். அதே டிசம்பரில் பிரிந்துவிட்டார்கள்.

2014 வந்தது. மூன்று பேரும் திரும்ப மேடையேறினார்கள். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கிலும், நியூயார்க் புரூக்லினில் பார்க்லேஸ் சென்டரிலும். இரண்டும் ஆயிரக்கணக்கில் ஆள் கொள்ளும் விளையாட்டரங்குகள். அங்கே அன்றைய பெரிய கச்சேரி ஆர்கேட் ஃபயருடையது, இவர்கள் முன்னால் வாசிக்கும் குழு. பத்து வருஷத்தில் வரிசை தலைகீழ். செப்டம்பரில் பாப் மொன்ட்ரியல் விழாவில் ஒன்று. ஆல்பத்தையும் அந்த வருஷம் மறுபதிப்புச் செய்தார்கள். புது ஆல்பம் வரவில்லை.

அதே வருஷ இலையுதிர் காலத்தில் 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்ட் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது நினைவிருக்கிறதா? ஒரு கொலை வழக்கைத் தோண்டுவார்கள். அதன் தொடக்க இசை நிக் தோர்பர்ன் போட்டது. யூனிகார்ன்ஸ் பெயரே கேள்விப்படாத என் தங்கை அந்த டிங் டிங் பியானோவை வாயால் வாசித்துக் காட்டுகிறாள்.

#18 மொன்றியல்பனி

அந்த செப்டெம்பர் கச்சேரிக்கு மகன் எனக்கு ரிக்கெற் எடுத்துத் தந்தான். 2003, 2004இல் இதே ஊரில் இருந்தும் நான் ஒருநாளும் அவர்களைப் பார்த்ததில்லை, அப்போது இரண்டு வேலை. இந்த முறையும் போகவில்லை. லொறிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மகன்தான் கூட்டாளியோடு போனான். எப்படி என்று கேட்டேன், நல்லா இருந்தது என்றான். பதினேழு வயதுப் பெடியனிடம் அதற்கு மேல் ஒரு சொல் வாங்க ஏலாது.

#19 வேன்சீட்

அண்ணே 😀 என் பெண்ணும் அதே ரகம்.

#20 மூன்றாம்சுருதி

திரும்ப வந்ததைப் பற்றி. எனக்கு இதில்தான் அவர்கள் மேல் மரியாதை வந்தது. திரும்பச் சேர்ந்த குழுக்கள் பொதுவாக ஒரு ஆல்பம் போட்டு நம் பழைய நினைப்பையும் கெடுத்துவிட்டுப் போகும். இவர்கள் சில கச்சேரி வாசித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். முதல் தடவை பிரிந்தது சண்டையால் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது தடவை விட்டது அப்படித் தெரியவில்லை. கேசட்காலம் முதல் பதிவில் எழுதியது 2004க்குப் பொருந்தாது, 2014க்கு வேண்டுமானால் பொருந்தும்.

அதற்காக ஆல்பம் முழுக்க நல்ல ஆல்பம் என்று ஒத்துக்கொண்டதாக யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.

#21 கேசட்காலம்

எடுத்தாயிற்று.

#22 புதுக்காது

நேற்று ராத்திரி மொட்டைமாடியில் முழுதாகக் கேட்டேன். முதல் மூன்று பாட்டு ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவதில் அந்தப் பீப்பீ வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாவதை மூன்று முறை போட்டேன். அந்தச் சண்டையில் எது நிக் குரல், எது ஆல்டன் குரல்?

#23 கேசட்காலம்

ஐலண்ட்ஸ் ஆல்பத்தில் ஒரு பாட்டு கேளுங்கள், அதில் பாடுவது நிக். பிறகு க்ளூஸில் ஒன்று, அது ஆல்டன். அப்புறம் ஒன்பதாவதுக்குத் திரும்பி வாருங்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் வேண்டாம்.

#24 புதுக்காது

ஹெட்போனில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாங்கிவிட்டு வந்து சொல்கிறேன்.